உலாவியில் ஒரு கியர்ப் பெட்டி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைக் கடந்தால் ஒரகடத்தின் மோட்டார்த் தொழிற்சாலைகள் தென்படும். படப்பை மாணவன் ஒருவன், கைப்பேசி உலாவியைத் திறந்தால் கியர்ப் பெட்டியொன்று தன் மேசைமீதே இருப்பதுபோல் தோன்றச் செய்ய விரும்புகிறான் என்று கொள்வோம். எக்கருவியை அவன் நாடுவது?

சுற்றிப் பார்த்தால் போதுமெனில் கூகுளின் 'மாடல் வியூவர்' சில வரிகளில் முடித்துவிடும், ஐபோனிலும் இயங்கும். தொட்டால் சக்கரங்கள் தனித்தனியே கழல வேண்டுமெனில் 2010-இல் தோன்றிய 'த்ரீ ஜேஎஸ்' வேண்டும். அதன்மேல் கட்டி, மொஸில்லா 2015-இல் வெளியிட்ட 'ஏ-ஃப்ரேம்' கற்க எளிது. வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவன் ஒரு மாலையில் பழகிவிடலாம். ஆயினும் இவ்விரண்டும் மேசைமீது உருவை நிறுத்த 'வெப் எக்ஸ்ஆர்' என்னும் பொது நெறியையே நம்புகின்றன. ஆண்ட்ராய்டுக் குரோமில் அது உண்டு. ஐபோன் சஃபாரியில் இல்லை. ஆகவே பார்ப்பவர் கையிலுள்ள பேசி எது என்பதே முதற்கேள்வி. அழகு பிறகு.

இன்னொன்று. மொஸில்லா நடத்திய 'ஹப்ஸ்' என்னும் மெய்நிகர்க் கூடம் 2024 மே 31-இல் மூடப்பட்டது. அங்கு அறை அமைத்தோர் வேறிடம் தேட நேர்ந்தது. மூலநிரல் பொதுவில் இருந்தமையால், அதைத் தம் கணினியில் நிறுவிக்கொள்ள வழி இருந்தது. நம் மாணவனும் பெட்டியின் உருவத்தை 'ஜிஎல்டிஎஃப்' என்னும் பொது வடிவில் தன்னிடமே சேமித்து வைக்கட்டும். மேற்சொன்ன மூன்று கருவிகளும் அதைப் படிக்கும்.