ஆம்புலன்ஸ் ஓடினால் மட்டும் போதுமா? அதன் குரலும் வந்து சேர வேண்டும்!

(உரையின் எழுத்து வடிவம்)



108-க்குப் போன் போட்டா வண்டி வரும். இது நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தப் போனே போகலைன்னா? வண்டி கிளம்பிய பிறகு, "வழியில தண்ணி நிக்குது, ஜிப்மருக்குப் போகவா, கதிர்காமத்துக்குப் போகவா?" என்று ஓட்டுநர் கேட்க முடியலைன்னா? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

2011 டிசம்பர் 30. தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல நாள் இருட்டு. 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவமே வந்தது. செல்போன் டவர் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். சாலையில் தண்ணீர் நின்றால் டீசலும் போய்ச் சேராது. அதாவது, ஆம்புலன்ஸ் அதிகம் தேவைப்படும் நாளில்தான் போனும் கைவிடும்.

அதனால்தான் மருத்துவ அவசர சேவைக்குத் தனி வயர்லெஸ் நிலையங்கள் வேண்டும் என்கிறோம். கம்பத்தை எங்கே இடம் கிடைக்குதோ அங்கே நட்டுட்டா போதாது. அதுக்குக் கணக்கு இருக்கு.

கடற்கரையில் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீங்க. 1836-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிய விளக்கு. அதை ஏன் உயரத்தில் வைத்தார்கள்? உயரம் கூடக்கூட தூரத்துக் கப்பலுக்கும் வெளிச்சம் தெரியும். ஆம்புலன்ஸ் வயர்லெஸ் அலையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால், சமதளத்தில் ஓடும் வண்டியோடு சுமார் 18 கிலோமீட்டர் வரை பேசலாம். 36 மீட்டர் என்றால் சுமார் 30 கிலோமீட்டர். இது காகிதக் கணக்கு. நடுவில் கட்டிடமும் தோப்பும் வந்தால் தூரம் குறையும். நமக்கு இயற்கையே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது: கோரிமேடு, லாஸ்பேட்டை பக்கத்து செம்மண் மேடு. கடலோரச் சமதளத்தில் நடுவதைவிட அங்கே நட்டால் உயரம் இலவசம்.

இன்னொரு சிக்கலையும் கேளுங்க. நிலையத்தின் சக்தி அதிகம். ஊழியர் கையில் இருக்கும் வாக்கி டாக்கியின் சக்தி குறைவு. கட்டுப்பாட்டு அறை பேசுவது பாகூரில் நிற்கும் ஊழியருக்குக் கேட்கும். அவர் சொல்லும் பதில் இங்கே கேட்காது! இதற்கு வழி, பாகூர், திருக்கனூர், வில்லியனூர் போன்ற இடங்களில் உள்ள அரசு மருத்துவ மையங்களின் மாடியில் குரலை வாங்கி அனுப்பும் சின்னக் கருவிகளை வைப்பது. பெரிய டவர் ஒன்றை மட்டும் நம்பினால், அது சாயும் நாளில் எல்லாமே சாயும்.

நம்ம மண்ணுக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு. நம் ஊர் ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன எல்லைக்கோடு அப்படி. கொஞ்ச தூரம் போனால் விழுப்புரம் மாவட்டம், இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி, அப்புறம் கடலூர். அலைக்கு எல்லை தெரியாது. எல்லையோர வீட்டில் இருந்து போன் செய்தால் பக்கத்து மாநில டவர் பிடிக்கலாம். அழைப்பு எந்த அறைக்குப் போய்ச் சேரும்? நெஞ்சு வலியில் துடிப்பவர் வாசலில் மாநில எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? காரைக்கால் தனியே இருக்கிறது. மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் வேண்டும்.

மற்ற ஊர்களின் பாடத்தையும் பாருங்க. 2004 சுனாமியில் அந்தமானில் தொடர்பு அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய ஹாம் ரேடியோ குழுவும்தான் வெளியுலகுக்குச் செய்தி கொண்டு சேர்த்தார்கள். 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் இருந்த ஒரே டவர் பிஎஸ்என்எல் டவர். கரண்ட் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் வைத்து அதை ஓட்டினார்கள். அந்த டவரும் நின்றிருந்தால்?

ஆகவே, நம் கோரிக்கைகள்:

1. ஒன்றின் எல்லையை மற்றொன்றும் தொடும்படி குறைந்தது இரண்டு முதன்மை வயர்லெஸ் நிலையங்கள்.

2. ஒவ்வொரு நிலையத்திலும் வெள்ளம் எட்டாத உயரத்தில் பேட்டரி, சோலார், ஜெனரேட்டர். 72 மணி நேரம் தாங்க வேண்டும்.

3. ஆம்புலன்ஸை ஊர் ஊராக ஓட்டி, குரல் கேட்காத இடங்களை வரைபடத்தில் குறித்து மக்கள் முன் வைக்க வேண்டும்.

4. எல்லையோர அழைப்பை உடனே கைமாற்ற விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு எழுத்துப்பூர்வ ஏற்பாடு.

5. ஜிப்மர், அரசு பொது மருத்துவமனை, ராஜீவ் காந்தி மகளிர் மருத்துவமனை, கதிர்காமம் மருத்துவக் கல்லூரி நான்கிலும் அவசரப் பிரிவில் வயர்லெஸ் செட், அதைக் கேட்க 24 மணி நேரமும் ஆள்.

6. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒத்திகை.

உங்க வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்காத தெரு எது? தெருப் பெயரை மட்டும் கீழே பதிவிடுங்கள். தொகுத்து சுகாதாரத் துறையிடம் மனுவாகக் கொடுப்போம். அடுத்த புயலுக்குத் தேதி யாருக்கும் தெரியாது. மழைக்காலம் எப்போது வரும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள செய்ய வைப்போம்.