ஆய்வுக்கூடத்தில் காலெடுத்து வைக்குமுன்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஆற்றிய உரை)



ஆறாம் ஆண்டை முடித்துச் சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்கிற்கும் இடைநிலைப்பள்ளி போகப் போகிறவர்களுக்காகவே இந்தப் பேச்சு. முதலாம் படிவ அறிவியல் நூலின் முதல் பாடத்திலேயே ஆய்வுக்கூட விதிகள் வந்துவிடும். "எங்களுக்கு ஆசிட்டெல்லாம் என்ன தெரியும் டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். தோட்டத்துப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறைய வைத்தது எது? பார்மிக் ஆசிட். மரத்திலிருந்து கெரெங்கா எறும்பு உங்கள் மேல் பீய்ச்சுகிறதே, அதுவும் அதேதான். அதைத் தண்ணீரில் கலக்கித்தான் பாலில் ஊற்றவேண்டும் என்பது உங்கள் பாட்டிமாருக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் இன்னும் ஒன்று சொல்வார்கள். முதலில் தண்ணீர், பிறகு அமிலம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அடர் கந்தக அமிலத்தை மாற்றிக் கலந்தால், எழும்பும் சூட்டில் தண்ணீர் அங்கேயே கொதித்து, அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும்.

போத்தலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா மருந்தடிக்கும் வேலை செய்தவர். நான் சிறுமியாக இருந்தபோது, மிச்சமான புல்லு மருந்தைச் சர்பத் போத்தலில் ஊற்றி அடுக்களை மூலையில் வைத்திருந்தோம். தாகத்தோடு வந்த தம்பி மூடியைத் திறந்துவிட்டான். நாற்றம் அடித்ததால் முகத்தைச் சுளித்து நின்றான். அம்மா பாய்ந்து பிடுங்கினார். அது பராகுவாட். ஒரு மடக்கு போதும், மாற்று மருந்து கிடையாது. நீலச் சாயமும் நாற்றமும் சேர்ப்பதே யாரும் தெரியாமல் குடித்துவிடக்கூடாது என்றுதான். நம் நாட்டில் 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. அந்தப் போத்தலில் பெயர் எழுதியிருந்தாலும் தம்பிக்கு அப்போது படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஆகவே பெயரில்லாத போத்தலைத் தொடாதீர்கள். அங்கே எழுத்து மலாயில் இருக்கும். மெங்ஹாக்கிஸ் என்றால் அரிக்கும். மூடா தெர்பாக்கார் என்றால் எளிதில் தீப்பிடிக்கும். பெராச்சுன் என்றால் நஞ்சு. இந்த மூன்றையும் இன்றிரவே மனப்பாடம் செய்யுங்கள்.

மோந்து பார்க்கச் சொன்னால் மூக்கைக் கொண்டுபோய் வைக்காமல், கையால் விசிறி மோந்து பாருங்கள். சோதனைக்குழாயைச் சூடாக்கும்போது அதன் வாய் யார் முகத்தையும் பார்க்கக்கூடாது, உங்கள் முகத்தையும் சேர்த்துத்தான். இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இலையைச் சாராயச் சத்தில் போடுவார்கள். அதை நேராக நெருப்பில் வைத்தால் ஆவி தீப்பிடிக்கும். நெருப்பை அணைத்துவிட்டுச் சுடுதண்ணீரில் வைத்துத்தான் சூடாக்கவேண்டும். சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெண்பிள்ளைகள் பின்னலைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. கையில் அமிலம் பட்டால் பிள்ளை ஏன் ஆசிரியரிடம் சொல்லாமல் மறைக்கிறான்? போத்தல் உடைந்ததற்கு ஏசுவார்கள், வீட்டில் அடி விழும் என்ற பயம்தான். தண்ணீர் விட்டுக் கழுவவேண்டிய அந்த நிமிடங்கள் பயத்திலேயே போய்விடுகின்றன. உடைந்தது கண்ணாடிதான். காசு கேட்டு வந்தால் முதலில் கையைப் பாருங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும். கசக்கக்கூடாது. கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் பயணம். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் வெளியே குழாயடியில் கடிகாரத்தோடு காத்திருக்கிறார்கள், வாருங்கள், போய்ப் பார்ப்போம்.