இது யாருடைய வேலை?

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி பற்றிய பாடத்தை நம் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்று அடுக்கையும் வரிசை மாறாமல் சொல்கிறார்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் தயங்குவதில்லை. தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளையிடம், “உன் தெரு விளக்கு ஒரு வாரமாக எரியவில்லை. யாரிடம் சொல்வாய்?” என்று கேட்டுப் பாருங்கள். “கரண்ட் ஆபீஸ்” என்று சிலர் சொல்வார்கள். “அப்பா பார்த்துக்கொள்வார்” என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலோர் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

இன்று உங்களோடு பேச வந்திருப்பது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். இது யாருடைய வேலை? தெருவில் கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கவும், விடையைத் தேடிப் போகவும் பிள்ளைகளைப் பழக்கினால், உள்ளாட்சிப் பாடத்தில் பாதி முடிந்துவிடும் என்பது என் கருத்து.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2019ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தீபாவளி நாள்களில் தமிழ்நாடே தொலைக்காட்சிமுன் அமர்ந்திருந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் மீட்க முடிந்தது. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. அவர்கள் இழந்ததற்குமேல் யாரும் இழக்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் கொண்டு மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் தந்திருந்தது. கிராமப்புறங்களில் அதைக் கண்காணிப்பதில் ஊராட்சிக்கும் பங்கு உண்டு என்று அதில் இருக்கிறது. 2015இல் தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கென்று தனி விதிகளும் வந்தன. விதி இருந்தது. அந்த விதி யாருடைய வேலை என்பதுதான் ஊருக்குள் பேசப்படாமல் இருந்தது. அந்த வாரத்துக்குப் பிறகுதான் ஊர் ஊராகத் திறந்து கிடந்த கிணறுகளைத் தேடி மூடினார்கள்.

அப்படிப்பட்ட குழிகள் எங்கே இருக்கின்றன என்று பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கு நடந்து வருகிறவர்கள் அவர்கள். எந்த வளைவில் லாரி வேகமாக வரும், எந்த வாய்க்காலுக்கு மூடி இல்லை, எந்தச் சந்தில் நாய்கள் கூட்டமாக நிற்கும், மாலையில் எந்த இடத்தைப் பெண் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் கால்களுக்குத் தெரியும். அந்த அறிவை ஒரு தாளில் கொண்டுவருவதுதான் ஆசிரியர் செய்ய வேண்டியது.

ஒரு பாடவேளையில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொரு பிள்ளையும் வரையட்டும். ஆபத்து என்று தோன்றும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கட்டும். பிடித்த இடத்தில் பச்சைப் புள்ளி. பிறகு ஒரே தெருக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் படங்களை ஒன்றாக்கட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும் பக்கத்தில் “யாருடைய வேலை?” என்று எழுதச் சொல்லுங்கள்.

இங்கேதான் பாடம் சுவையாகும். தெரு விளக்கு ஊராட்சியின் பொறுப்பு. ஆனால் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி மின்வாரியத்தின் வேலை. பள்ளி வாசலில் இருக்கும் சாலை ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் வேகத்தடை கேட்டு மனு கொடுத்தால், மனு மேசைக்கு மேசை அலையும். பேருந்து நேரம் போக்குவரத்துக் கழகத்தின் கையில். பூட்டிய வீட்டருகே சந்தேகப்படும்படி ஆள் நடமாட்டம் என்றால் காவல் நிலையம். இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது, மூன்று அடுக்கு என்பது மனப்பாடம் செய்யும் பெயர்ப் பட்டியலாக இருக்காது. அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்களும், பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பொருள்களும் ஏன் பிரித்து எழுதப்பட்டன என்பதும் புரியும்.

நகர்ப்புறப் பள்ளி ஆசிரியர்களுக்காகப் பூங்காவைப் பற்றிச் சில வார்த்தைகள். பன்னிரண்டாவது அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. அதாவது, பூங்கா என்பது யாரோ மனமிரங்கிக் கொடுக்கும் பரிசாக இல்லை; உள்ளாட்சியின் கடமைகளில் ஒன்று. நம் மாநிலத்தில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பள்ளியைச் சுற்றி எத்தனை புது நகர்கள் வந்திருக்கின்றன? அவற்றின் வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இன்று என்ன இருக்கிறது? ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயல்திட்டம் கிடைக்காது. பரப்பளவும் சதவீதமும் கணக்குப் பாடத்துக்கும் ஆயிற்று.

பூங்கா ஒரே நாளில் காணாமல் போவதில்லை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், டிரெவெலியன் ஆளுநராக இருந்த 1859-60 காலத்தில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்று நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பூங்கா உருவாக்கப்பட்டது. குளங்கள் இருந்தன. பின்னாளில் வண்டலூருக்குப் போன உயிரியல் பூங்காவும் அங்கேதான் இருந்தது. விக்டோரியா பொது அரங்கம், மூர் மார்க்கெட், 1913இல் திறக்கப்பட்ட மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழுந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஊருக்குத் தேவையானவைதாம். கூட்டிப் பார்த்தால் பூங்கா இல்லை. இன்று அந்தப் பெயர் எந்தப் பூங்காவைக் குறித்தது என்று கேட்டால் சொல்ல ஆள் தேட வேண்டும். நம் பள்ளிக்கு அருகில் உள்ள சிறு பூங்காவுக்கும் இது நேரலாம். உடைந்த ஊஞ்சலைப் பற்றி யாரும் கேட்காத இடத்துக்கு முதலில் பிள்ளைகள் வருவது நிற்கும். பிறகு குப்பை வரும். பிறகு, “சும்மாதானே கிடக்கிறது” என்ற பேச்சு வரும்.

சரி, எழுதிய பட்டியலை எங்கே கொண்டுபோவது? இதற்குச் சட்டம் போட்ட இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுவதும் பகுதி சபைகள் கூடின.

இந்த நாள்களில் இரண்டைக் கவனியுங்கள். குடியரசு நாளும் விடுதலை நாளும் நாம் பள்ளியில் இருக்கும் நாள்கள். கொடியேற்றுகிறோம், பிள்ளைகள் பேசுகிறார்கள், ஆடுகிறார்கள், மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதே ஊரில், அதே முற்பகலில், சில நூறு அடி தூரத்தில் கிராம சபை கூடுகிறது. காலையில் குடியரசைப் பற்றிப் பேசிய பிள்ளை, குடியரசு நடக்கும் இடத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறது. வாக்காளர்தாம் கிராம சபையின் உறுப்பினர். பிள்ளைகள் வாக்களிக்க முடியாது, உட்கார்ந்து பார்க்கலாம். குறைவெண் கணக்கைக்கூட அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வந்த தலைகளை எண்ணட்டும்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே ஊராட்சிகள்தோறும் ‘மக்கள கிராம சபை’ நடத்துகிறார்கள். கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் பிள்ளைகள். அங்கே பிள்ளைகள் கேட்பதும் கழிப்பறை, குடிநீர், ஓடையைக் கடக்கச் சிறு பாலம் போன்றவைதாம்.

நம் பள்ளிகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு உள்ளாட்சிப் பிரதிநிதியும் உறுப்பினர். பிள்ளைகளின் வரைபடத்தை அந்தக் கூட்டத்தில் விரித்து வையுங்கள். தீர்மானமாக எழுதுங்கள். பெற்றோர் அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோகட்டும். மனு கொடுத்தால் ஒப்புகை வாங்க வேண்டும், தேதி குறிக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். இதுவும் பாடம்தான்.

உங்களில் சிலர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். “நாங்கள் வெளியூர்க்காரர்கள். ஊர் அரசியலில் கால் வைத்தால் நாளைக்குப் பள்ளிக்கு வர முடியுமா?” நியாயமான கவலை. அதற்காகத்தான் ஆசிரியர் தனியாகப் போக வேண்டாம், பெற்றோரும் குழுவும் முன்னால் நிற்கட்டும் என்கிறேன். குறை சொல்லும் கடிதமாக எழுதாமல், தகவல் சொல்லும் கடிதமாக எழுதுங்கள். “இந்தத் தெருவில் ஆறு கம்பங்களில் இரண்டில்தான் விளக்கு எரிகிறது” என்றால் யாருக்கும் கோபம் வராது. அந்த எண்ணிக்கையே பேசும். எந்தத் தெருவில் எத்தனை விளக்கு என்று பிள்ளைகள் எண்ணி வரும்போது, ஊரின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் இருட்டாக இருப்பது தெரியவரலாம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் படம் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் வரைந்ததை ஒதுக்கிவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சிவப்புப் புள்ளியும் மனுவில் எழுதக்கூடியதாக இராது. ஒரு பெண் குழந்தை ஒரு வீட்டையோ ஒரு மனிதரையோ காட்டிப் புள்ளி வைத்தால், அதை வகுப்பில் விவாதிக்காதீர்கள். தனியாக அழைத்து, அமைதியாகக் கேளுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி நம் கடமை. 1098 என்ற எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்கட்டும். மனுக்களில் பிள்ளைகளின் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுத வேண்டாம்.

கேட்டதெல்லாம் உடனே கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பத்துக் கேட்டால் இரண்டு நடக்கும். ஆனால் ஒரு வாய்க்காலுக்கு மூடி வந்தால், தான் வைத்த புள்ளியால் வந்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதை மறக்காது. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை கிராம சபைக்குப் போகும். கை தூக்கிக் கேட்கும்.

அடுத்த கிராம சபை என்றைக்கு என்று நாள்காட்டியைப் பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். வெள்ளைத் தாளும் சிவப்பு, பச்சைப் பென்சிலும் போதும்.