தனிப்பிரதிக் கட்சிக்கு ஒரு மறுப்பு

நேரம் குறைவு, வழக்கோ பழையது.

வழக்கு என்னவென்று அவையில் பாதிப்பேருக்குத் தெரியும். மாற்றுத்திறனாளி வாடிக்கையாளர் கேட்டால் பிரெய்லில் ஒரு பிரதி, ஒலிப்பதிவில் ஒரு பிரதி கொடுத்தால் போதும் என்கிறார்கள் வணிகக் கடிதம் கற்பிக்கும் பேராசிரியர்கள் பலர். எல்லோருக்கும் போகிற மூலக் கடிதமே அவருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது இவ்வுரையின் கட்சி. தனிப்பிரதி பிந்தித்தான் வரும். தவணைக் கெடுவோ முதல் கடிதத்தின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும்.

நிதி நிறுவனம் ஒன்றின் தமிழ் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். பாமினி எழுத்துருவில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்பியது. கண்ணுக்குக் குறையே தெரியாது. ஆனால் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவதற்கு அடியில் கணினி வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அடியிலிருக்கும் குறியீட்டைத்தான் படிக்கும். ‘இந்த’ என்பதன் இகரம் அதற்கு வெறும் காற்புள்ளி.

எண்கள் மட்டும் தப்பிவிடும். பாமினியிலும் 1 என்பது 1தான். ஆக, பார்வையற்ற வாடிக்கையாளரின் காதில் 2500 விழும், 15 விழும். 2500 கட்ட வேண்டியதா, வர வேண்டியதா? 15 கடைசித் தேதியா, வட்டி விகிதமா? அதைச் சொல்ல வேண்டிய தமிழ்தான் குப்பையாகிக் கிடக்கிறது. கணினியோடு இணைத்து விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் கருவியிலும் இதே குப்பைதான் எழும். பிரெய்லைப் போற்றும் தனிப்பிரதிக் கட்சியினர் இதை ஏனோ பேசுவதே இல்லை.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அது ஊகிப்பது, முத்திரை விழுந்த இடத்திலும் அட்டவணையிலும் தடுமாறும். கடன் பத்திரத்தை ஊகமாகப் படித்துக்கொள் என்று மற்ற வாடிக்கையாளரிடம் சொல்வார்களா?

தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991 முதலே இருக்கிறது. தமிழ்நாடு அரசு அதை ஏற்று 2010இல் ஆணையிட்டது. தட்டச்சர் விரல் பழகிய பாமினி விசையமைப்பிலேயே ஒருங்குறி தட்ட என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள் உண்டு. பிறகென்ன தயக்கம்?

சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த 15ஆம் விதியின் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நிற்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஏற்கவில்லை. கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில், அடையாளச் சரிபார்ப்புக்குக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி முறையை அமிலவீச்சுக்கு ஆளானோரும் பார்வையற்றோரும் எதிர்த்த வழக்கில், எண்ணிம அணுகலை வாழ்வுரிமையோடு சேர்த்தது.

மணி அடித்துவிட்டார்கள். மற்றவை சுருக்கமாக: தொலைபேசி எண் மட்டும் தரும் வாடிக்கையாளர் சேவையில் காது கேளாதோர் எப்படி முறையிடுவது, காணொளிக் கூட்டத்தில் தமிழ் வசன வரிகள், சாம்பல் பின்னணியில் வெளிர்நிற எழுத்து (4.5:1 வேறுபாடாவது வேண்டும்), அறிவுசார் குறைபாடுள்ளோருக்கு எளிய தமிழில் கடன் ஒப்பந்தம். இவற்றை ஆய்வு மாணவர்கள் தனித்தனியே எடுக்கலாம். முதல் வேலையாக, நுண்நிதி நிறுவனங்கள் அனுப்பும் தமிழ்க் கோப்புகளைத் திரட்டி, எத்தனை ஒருங்குறியில் இருக்கின்றன என்று எண்ணலாம். ஒரு பருவத்துக்குள் முடியும்.