கட்டியில் முதலில் படும் கத்தி



மயிலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும்போது இந்தப் பேச்சு காதில் விழும்: “வலியே இல்லை சார், வெறும் கொழுப்புக் கட்டிதான்.” என் சித்தப்பா மகனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தொடையில் கட்டி. ஸ்கேன்கூட எடுக்காமல், ஒரு சிறிய மருத்துவமனையில் அரை மணி நேரத்தில் கீறி எடுத்தார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி எழும்பியது. சார்கோமா. தசையிலும் கொழுப்பிலும் பிறக்கிற புற்றுநோய்.

முன்பெல்லாம் இதற்குக் காலையே எடுத்துவிடுவார்கள். 1982-இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 16 பேருக்குக் கையையோ காலையோ நீக்கினார்கள். 27 பேருக்கு, சுற்றியுள்ள நல்ல சதையோடு கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிர் பிழைத்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மொத்தம் 43 பேர்தான்! அவர்களுக்கு இந்த உலகம் கடன்பட்டிருக்கிறது.

நமக்கும் குறையில்லை. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இதோ, அடையாற்றில் இருக்கிறது. எலும்பில் கட்டி வந்தவர்களுக்கு உலோக எலும்பு பொருத்திக் காலைக் காத்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன் நம் சென்னைக்காரர். 2007-இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

இவ்வளவு இருந்தும் எங்கே சறுக்குகிறோம்? “கத்தி பட்டால் பரவிடும்” என்று பயந்து, ஊசி போட்டுச் சதை எடுக்கிற பயாப்ஸிக்கு ஒப்பமாட்டோம். ஆனால் என்ன கட்டி என்றே தெரியாமல் கீறச் சம்மதிப்போம்! பயப்பட வேண்டியது அந்தக் கீறலுக்குத்தான். கட்டியைப் பிளந்தால் அதன் அணுக்கள் பக்கத்துச் சதையில் சிந்தும். தழும்பு காலின் குறுக்கே ஓடினால், அடுத்த அறுவையில் அத்தனை இடத்தையும் வெட்டியாக வேண்டும். கட்டி ஆழத்தில் இருக்கிறதா, வளர்கிறதா, 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசி பயாப்ஸி, அதற்குப் பிறகே கத்தி. அந்த ஊசி நுழையும் இடத்தைக்கூட, பின்னால் அறுவை செய்யப்போகிற டாக்டரே குறித்துத் தரவேண்டும்.

சித்தப்பா மகனான அந்தத் தம்பிக்கு இரண்டாவது அறுவையில் தொடைச் சதையில் பெரும்பங்கு போயிற்று. வாரக்கணக்கில் கதிர்வீச்சு. கால் மிஞ்சியது. இந்தப் பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று, சற்றே சாய்ந்து சாய்ந்து, நான்கு மாடவீதியும் என்னோடு நடந்துவந்தான்.