வெக்கைக்கு ஊசி போட்ட காலம்



இன்றைக்கு உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு நோயைப் பற்றிப் பேசப்போகிறேன். இல்லாத நோய்க்கு எதற்கய்யா பேச்சு என்று கேட்பீர்கள். அது சும்மா போய்விடவில்லை. அதைத் துரத்தின கூட்டத்தில் நானும் ஒருவன். கால்நடை ஆய்வாளர் வேலையில் நான் எத்தனையோ செய்தேன், ஆனால் ராத்திரி விழித்துக்கொண்டால் நினைவுக்கு வருவது இந்த ஒன்றுதான்.

மாட்டு வெக்கை நோயைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல காய்ச்சல் அடிக்கும், கண்ணில் தண்ணீர் வடியும். ஈறிலும் நாக்கிலும் தவிட்டைத் தூவினாற்போலப் புண் வரும். அப்புறம் கழிச்சல். அந்த நாற்றம் தெருக்கோடிக்கு வரும். ஒரு வாரம் பத்து நாளில் மாடு போய்விடும். ஒரு கொட்டகையில் நுழைந்தால் ஊரையே காலி பண்ணும். இதை ஒழிக்க நம் நாட்டில் 1954-ல் திட்டம் போட்டார்கள். ராணிப்பேட்டையில் மருந்து தயாராகும். ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவது எங்கள் வேலை. எங்களை மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் வேறு, நாங்கள் வேறு. சொன்னால் யார் கேட்கிறார்கள்!

அந்த மருந்து உயிருள்ள மருந்து. தூளாக வரும். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் கரைத்து, கொஞ்ச நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். வெயில் பட்டால் செத்துப்போகும். ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்தாலும் செத்துப்போகும். வெந்நீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் எடுக்கவேண்டும். செத்த மருந்தும் பார்வைக்கு உயிருள்ளது மாதிரியேதான் இருக்கும். வம்பே அங்கேதான்.

1978 சித்திரை மாதம். பென்னாகரம் பக்கம் ஒரு மலையடி ஊர். பக்கத்து ஊரில் வெக்கை கண்டுவிட்டது. ஆலம்பாடி மாடுகள் நிறைய உள்ள இடம். தெர்மாஸ் பிளாஸ்க்கில் மருந்தை வைத்து, ஐஸ் போட்டு, பஸ் ஏறினேன். அரைப் பாளம் ஐஸ் போதும் என்று நான்தான் முடிவு பண்ணினேன். முழுப் பாளத்துக்குக் கைக்காசு போடவேண்டும், அதுதான் காரணம். பஸ் வழியில் நின்றுபோயிற்று. அப்புறம் நாலு மைல் நடை. போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

புளியமரத்தடியில் அறுபது மாடு கட்டியிருந்தார்கள். கூலிக்குப் போகாமல் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். பிளாஸ்க்கைத் திறந்தேன். ஐஸ் இல்லை. தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. கொஞ்சமாவது வீரியம் இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு கரைத்தேன். முதலில் நின்றது ஒரு வண்டிக்காரரின் ஜோடி எருது. விடியற்காலையிலேயே வந்து இடம் பிடித்தவர். அவற்றுக்குப் போட்டேன். அப்படியே பத்து உருப்படி முடிந்தது. பதினோராவது, ஒரு பாட்டியின் கிடேரிக் கன்று. கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏஞ்சாமி, இதப் போட்டா என் கன்னுக்கு வெக்கை வராதில்ல?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊசியைக் கீழே வைத்தேன். மருந்து கெட்டுப்போச்சு, போட்டதும் செல்லாது, மறுபடி வந்து எல்லாருக்கும் போடுகிறேன் என்று சொன்னேன். சும்மா விடுவார்களா? "ஒரு நாள் கூலி போச்சே, யார் குடுப்பா?" என்று பிடித்துக்கொண்டார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாம் நாள் முழுப் பாளம் வாங்கி, உமியும் கோணியும் சுற்றி, முதல் நாள் ராத்திரியே போய் ஊரில் படுத்துக்கொண்டேன். விடியலில் பாதிப் பேர்தான் மாடு கொண்டுவந்தார்கள். மீதிப் பேரின் வாசலுக்கு அந்தப் பாட்டியே என்னைக் கூட்டிப்போனாள். வெயில் ஏறுவதற்குள் முடித்தேன். வண்டிக்காரர் மட்டும் இல்லை. முதல் நாளே வாடகைக்கு வண்டி பூட்டிப் போய்விட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆள் வந்தது. ஓடினேன். வண்டிக்காரர் வீட்டில்தான். போன இடத்தில் எந்தத் தொட்டியில் தண்ணீர் காட்டினாரோ! ஒரு எருது படுத்துவிட்டது, மற்றது வாயில் நுரையோடு நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்கதான் அன்னைக்குப் போட்டீங்களே சார்" என்றார். செல்லாது என்று நான் சொன்னது அவர் காதில் விழாமல் போயிருக்கலாம். அல்லது, ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் இருந்திருக்கலாம். இரண்டும் அடுத்தடுத்த நாளில் போயின. சுண்ணாம்பு போட்டு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். ஊரில் வேறு ஒரு மாட்டுக்கும் வரவில்லை. பாட்டியின் கிடேரி பின்னால் நாலு ஈத்து ஈன்றது.

அதற்குப் பிறகு அரைப் பாளம் நான் வாங்கியதே இல்லை.

நம் நாட்டில் கடைசியாக வெக்கை கண்டது 1995-ல், அதுவும் நம் தமிழ்நாட்டில்தான். பிறகு ஊசியை நிறுத்திவிட்டு, நோய் இருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடச் சொன்னார்கள். "என்ன சார், ஊசி போடாம வாயைப் பாத்துட்டுப் போறீங்க" என்று கேலி செய்தார்கள். ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் போய்விட்டதா என்று தெரியாதே. 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மனிதருக்குப் பெரியம்மை ஒழிந்தது 1980-ல். அதற்கடுத்து அடியோடு ஒழிந்தது இதுதான்.

வெக்கையின் பங்காளி ஒன்று இன்னும் இருக்கிறது, ஆட்டுக்கொல்லி நோய். அதன் மருந்தும் தூள்தான், கரைத்தால் காத்திருக்காது. கோமாரி மருந்து வேறு வகை. அது சூடும் ஆகக்கூடாது, உறைந்தும் போகக்கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஊசிக்காரர் வருகிறார் என்றால் மாட்டை விடியலிலேயே நிழலில் கட்டி வையுங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐஸ் கரைந்திருந்தால் கேளுங்கள், தப்பில்லை. மருந்து சரியில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று அவரே சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் என்றைக்கு வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வண்டி பூட்டாதீர்கள்.