வாயில்லா ஜீவன் பேரில் கொடுக்கும் காசு



சம்பளம் போட்ட நாள். மாலையில் கடை வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். கையில் பூட்டுப் போட்ட உண்டியல், கழுத்தில் ஓர் அட்டை. பக்கத்து மேசையில் கால் முறிந்த நாயின் படமும் கண் திறக்காத பூனைக்குட்டிகளின் படமும் இருக்கின்றன. "வாயில்லா ஜீவனுக்கு உதவுங்கள், அம்மா" என்கிறார். நமக்கு மனம் இளகிவிடுகிறது. ஐந்து வெள்ளியைப் போடுகிறோம். பிள்ளையின் கையில் ஒரு வெள்ளியைக் கொடுத்து அதையும் போடச் சொல்கிறோம். புண்ணியம் சேர்ந்தது என்று வீட்டுக்கு நடக்கிறோம். இப்பொழுது கைப்பேசியிலும் இதே படங்கள் வருகின்றன. கூடவே வங்கிக் கணக்கு எண்ணும் வருகிறது.

அந்த ஐந்து வெள்ளி எங்கே போகிறது, என்ன வேலை செய்கிறது, அதை நாம் எப்படி அறிந்துகொள்வது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் நம்மவர் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிராணிகள் புதியவை அல்ல. மாட்டுக்குப் புல் அறுத்தோம், ஆடு மேய்த்தோம். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகையில் நாய் முன்னால் ஓடியது. பின்னர் குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்குப் பெயர்ந்தன. எத்தனையோ நாய்கள் அங்கேயே நின்றுவிட்டன. அவை குட்டி போட்டன. குட்டிகளும் குட்டி போட்டன. இன்று சாலையோரத்தில் கூட்டமாகத் திரிபவை எங்கிருந்தோ வந்தவை என்று நாம் சொல்லிவிட முடியாது.

இதில் பிள்ளைகளின் உயிரும் அடங்கியிருக்கிறது. 2013இல் நம் நாடு வெறிநாய்க்கடி நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி மனித உயிர்களையும் கொண்டுபோனது. ஆகவே தெருநாய்க்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும் பொதுநல வேலைகளே. சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் 1958 முதல் இருந்து வருகிறது. வேறு பல சிறிய அமைப்புகளும் உண்டு. அவற்றுக்குப் பணம் தேவை, கொடுக்கவும் வேண்டும். ஆனால், போய்ச் சேராத ஐந்து வெள்ளியால் ஒரு நாய்க்கும் தடுப்பூசி விழாது. ஆகவே கொடுக்குமுன் ஐந்து கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: பதிவு உண்டா? சங்கமாக இருந்தால் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சில அமைப்புகள் நிறுவனமாகப் பதிந்திருக்கும். வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். "தம்பி, உரிமத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்பதில் குற்றம் ஒன்றுமில்லை. உண்மையானவர் எடுத்துக் காட்டுவார். ஆனால் பதிவு மட்டும் போதாது. பிறப்புப் பத்திரம் இருப்பதாலேயே பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று ஆகிவிடுமா?

இரண்டாவது கேள்வி: கணக்கு உண்டா? பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக் கூட்டம் நடத்திய 60 நாள்களுக்குள் தன் வரவு செலவுக் கணக்கைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இது நமக்குப் புதிய பாடமா? கோயில் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கையில், "திருவிழா மின்விளக்குச் செலவு ஏன் இவ்வளவு?" என்று எழுந்து கேட்பவர்கள் நாம். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டப் பாட்டாளிகள் தங்கள் சம்பளத்திலிருந்து பங்குப் பணம் கட்டினார்கள். கட்டியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதைக் கூட்டுறவு நமக்குக் கற்றுத் தந்தது. அதே உரிமை உண்டியலில் போட்டவனுக்கும் உண்டு.

மூன்றாவது கேள்வி: பணம் எதற்குச் செலவானது? எடுத்துக்காட்டாக, ஒரு சங்கத்துக்கு 100 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து, தீவனம், அறுவைச் சிகிச்சை, மருத்துவர் சம்பளம் எல்லாம் சேர்ந்து 75 வெள்ளி. அலுவலகம், கணக்காய்வு 15 வெள்ளி. கையிருப்பு 10 வெள்ளி. இது புரிகிற கணக்கு. அதே 100 வெள்ளியில் 70 வெள்ளி வசூல் செய்தவருக்கே கூலியாகப் போனால், நாம் யாருக்குத் தர்மம் செய்தோம்?

இப்படி நடப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஊனமுற்ற முன்னாள் போர்வீரர்களுக்கென்று ஓர் அறநிறுவனம் கடிதம் அனுப்பி நிதி திரட்டியது. வந்த பணத்தில் மிகப் பெரும் பகுதி, கடிதங்களை அச்சிட்டு அனுப்பிய நிறுவனத்துக்கே போயிற்று. 2014இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர் தலையிட்டார். அதன் முடிவில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி டாலருக்கு இணக்கம் காணப்பட்டது. வீரனின் படமாயினும் நாயின் படமாயினும் இளகுவது ஒரே மனம்தான். அந்த மனத்தை விலையாக்குகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சம்பளம் கொடுக்கிற சங்கமெல்லாம் மோசடிச் சங்கம் என்று எண்ணிவிடக் கூடாது. கால்நடை மருத்துவருக்குக் கூலி கொடுக்காமல் அறுவைச் சிகிச்சை நடக்காது. கணக்கு எழுத ஆள் இல்லாத சங்கத்தில்தான் காசு காணாமற்போகும். செலவு இருக்கலாம், அது எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நான்காவது கேள்வி: வேலை நடந்ததா? எத்தனை பிராணிகள் வந்தன, எத்தனை வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டன, எத்தனைக்குக் கருத்தடை ஆயிற்று, எத்தனை இறந்தன? இறந்த கணக்கையும் மறைக்காமல் சொல்லுகிற சங்கத்தை நம்பலாம். இருபது நாய்க்கு இடமுள்ள கொட்டகையில் நூறு நாயை அடைத்துவிட்டு மேலும் பணம் கேட்டால், அங்கே இரக்கம் இருக்கலாம், நிர்வாகம் இல்லை.

சென்னையில் 'புளூ கிராஸ்' அமைப்பு 1964லேயே நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வேலையைத் தொடங்கியது. பின்னர் 2001இல் இந்திய அரசு இதற்கென விதிகளே வகுத்தது. அங்கே கருத்தடை செய்த நாயின் காதில் ஒரு சிறு வெட்டு அடையாளம் இடுகிறார்கள். அறுவையில் அகற்றிய உறுப்புகளை எண்ணிச் சரிபார்க்கும் முறையும் உண்டு. கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் ஆயிரம் நாய்க்குச் செய்தோம் என்று ஏட்டில் எழுதிவிட்டு நூறு நாய்க்கு மட்டும் செய்வதைத் தடுக்க இதைவிட நேரான வழி ஏது? பால் எடையைத் தராசில் பார்த்த பிறகே பேர் போட்ட தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்த நியாயம் விளங்கும்.

ஐந்தாவது கேள்வி: பணம் யார் கையில்? தலைவரும் பொருளாளரும் ஒரே வீட்டுக்காரரா? வங்கிக் கணக்கு சங்கத்தின் பேரிலா, தனியாள் பேரிலா? இரசீது தருகிறார்களா? வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக இருந்தால் அந்த இரசீது வருமான வரி கட்டும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஆனால் நம் ஊரிலேயே, பதிவு ஒன்றுமின்றித் தன் சொந்தக் காசில் பத்து நாய்க்குச் சோறு போடுகிற அக்காவும் இருக்கக் கூடும். அவரிடம் போய்ச் சட்டம் பேச வேண்டாம். "அக்கா, எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள்?" என்று கேட்டு, அந்த மருத்துவரிடமே நேரே பணம் கட்டிவிடலாம். அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

கேள்வி கேட்டால் கருமி என்று நினைப்பார்களோ என்று நம்மில் பலர் கூசுகிறோம். கேட்காமல் கொடுத்துப் பழகினால் பொய்யன் வளர்வான்; ஒரு நாள் ஏமாந்தது தெரிந்ததும் கையை மூடிக்கொள்வோம். அப்போது உண்மையாக உழைக்கிறவர்களும் சேர்ந்து கெடுவார்கள். நம் கேள்வி நல்ல சங்கத்துக்குச் செய்கிற உதவி. சந்தேகம் வலுத்தால் காவல் நிலையத்திலோ சங்கப் பதிவிலாகாவிலோ சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி பிராணியை வதைத்தால் 20,000 வெள்ளி முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்தச் சட்டம் நம் வாசலுக்கும் பொருந்தும். நம் வீட்டு நாய்க்கு ஊசி போட்டோமா, கருத்தடை செய்தோமா, வீடு மாறும்போது அதையும் அழைத்துப் போனோமா? பிறர் கணக்கைக் கேட்குமுன் இந்தக் கணக்கை நாம் நேர் செய்துகொள்வோம். அடுத்த சம்பள நாளில் உண்டியல் வரும்போது, பிள்ளையிடம் வெள்ளியைக் கொடுக்குமுன் ஒரு கேள்வியையும் சொல்லிக் கொடுப்போம்.